ப்ளூஸ் குழுவில் பியானோ: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, என்னிடம் பியானோ கற்கும் இளைஞர் ஒருவர் முதன்முறையாக, அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசையான ப்ளூஸை வாசிக்கும் ஒரு குழுவோடு மேடையேறினார். சிகாகோவில், யார் வேண்டுமானாலும் ஏறி இரண்டு பாட்டு வாசித்துவிட்டு இறங்கலாம் என்று வாரத்தில் ஒருநாள் மேடையைத் திறந்துவிடும் சிறிய மதுக்கூடங்கள் உண்டு. அவற்றில் ஒன்று அது. ஜி ஸ்கேலில், நடுத்தர வேகத்தில் ஷஃபிள் என்ற துள்ளல் நடையில் ஒரு பாட்டு தொடங்கியது. நான்கு பார் (ஒரு பார் என்பது நான்கு தட்டு அளவு) முடிவதற்குள் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. 18 ஆண்டுகளுக்கு முன் இதே நகரில் நான் செய்த தவறை அவருடைய இடக்கை எழுத்துப் பிசகாமல் செய்துகொண்டிருந்தது. அதை அவருக்கு முன்கூட்டியே சொல்லாமல் விட்டது என் குறை. அந்த வருத்தத்தில்தான் இதை எழுதுகிறேன்.

விரல் தவறான கட்டையில் விழுவது, பார் எண்ணிக்கை தப்புவது, பதற்றத்தில் வேகம் கூடுவது ஆகியவற்றை நான் இங்கே எடுத்துக்கொள்ளவில்லை. அவை வாசிக்க வாசிக்கத் தாமாகவே சரியாகும். வாசிப்பவருக்குத் தவறென்றே தெரியாமல், கை பழகப் பழக இன்னும் ஆழமாக வேரூன்றும் தவறுகள் வேறு.

ப்ளூஸ் ஸ்கேலை ராகமாகக் கொள்வது

கர்நாடக இசையைக் கேட்டு வளர்ந்த நம் பிள்ளைகள் இதில் எளிதாகச் சிக்கிக்கொள்கிறார்கள். சி, இ-ஃபிளாட், எஃப், ஜி-ஃபிளாட், ஜி, பி-ஃபிளாட் என்ற ஆறு சுரங்களை ‘ப்ளூஸ் ஸ்கேல்’ என்று யாரோ எழுதித் தந்துவிடுகிறார்கள். அதை ஆரோகணம், அவரோகணம் போல மனத்தில் நிறுத்தி, அதற்கு வெளியே ஒரு சுரமும் தொடக்கூடாது என்ற ராக ஒழுக்கத்தோடு, மாறிவரும் மூன்று கார்டுகளின் (ஒரே நேரத்தில் ஒலிக்கும் சுரக் கூட்டுகளின்) மீதும் அதையே மேலும் கீழுமாக ஓட்டுகிறார்கள். ஒரு சுற்று கேட்பதற்கு நன்றாகவே இருக்கும். மூன்றாவது சுற்றில் கார்டு மாறுகிறதா இல்லையா என்பதே கேட்பவருக்குத் தெரியாமல் போய்விடும்.

ப்ளூஸ் பாடகரின் காந்தாரம் பியானோவில் இல்லை. அது சாதாரண காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் இடையே, பாடுபவரின் மனநிலைக்கேற்பச் சற்று மேலும் கீழுமாக அசைந்துகொண்டிருக்கிறது. குரல் அங்கே போகும்; கிட்டாரின் தந்தியை விரலால் தள்ளினால் அதுவும் போகும். பியானோவின் கட்டைகளுக்கு நடுவே அப்படி ஓர் இடம் கிடையாது. ஆகவே பியானோ கலைஞர்கள் இரண்டு காந்தாரங்களையும் அடுத்தடுத்து, ஏறத்தாழ ஒரே நேரத்தில் ஒலிக்கச் செய்து, அந்த இடைவெளியைக் காதுக்கு உணர்த்தினார்கள். சி ஸ்கேலில், இ-ஃபிளாட் என்ற கறுப்புக் கட்டையில் விரலை வைத்து, அழுத்திய வேகத்திலேயே அதே விரலை வழுக்கி, பக்கத்திலுள்ள இ என்ற வெள்ளைக் கட்டையில் இறக்க வேண்டும். கறுப்புக் கட்டையின் விளிம்பிலிருந்து விரல் நழுவி விழும் அந்த அசைவைக் கை ஒருமுறை அறிந்துகொண்டால் பிறகு மறக்காது. ஆனால் அது சென்று இறங்குகிற அந்தர காந்தாரம் அந்த ஆறு சுரங்களில் இல்லவே இல்லை.

கார்டு எஃப்-7க்கு மாறும்போது அதே இ, இ-ஃபிளாட்டாக இறங்க வேண்டும். எஃப்-7 கார்டுக்குள் இருப்பது இ-ஃபிளாட்தான். 12 பார் ஒரு சுற்றாக வரும் ப்ளூஸில், கார்டு இப்படி மாறும் ஐந்தாவது பார் வந்துவிட்டது என்பதை அறிவிக்க இந்த ஓர் அரைச்சுர இறக்கம் போதும்.

டிரான்ஸ்போஸ் பொத்தான்

கீபோர்டில் ஒரே அழுத்தலில் ஸ்கேலை மாற்றித் தரும் இந்தப் பொத்தானைத் தொடாதீர்கள். கிட்டார் கலைஞர்கள் திறந்த தந்திகளின் வசதிக்காக இ ஸ்கேலையும் ஏ ஸ்கேலையும் விரும்புவார்கள். அங்கே வெள்ளைக் கட்டையிலிருந்து கறுப்புக் கட்டைக்கு ஏற வேண்டியிருப்பதால் ஒரே விரலை வழுக்க முடியாது, இரண்டு விரல்களால் வாசிக்கப் பழகியே ஆகவேண்டும்.

ஷஃபிளைக் கணக்காக மட்டும் கற்பது

ஷஃபிள் என்பதைத் திஸ்ர நடை என்று சொன்னால் நம்மவர்களுக்கு உடனே பிடிபடும்: ‘தகிட’ என்பதில் நடுவிலுள்ள ‘கி’யை மௌனமாக விட்டால் ஷஃபிள். தொடக்கத்துக்கு அது சரியான வழி. அங்கேயே நின்றுவிடுவதுதான் தவறு. மெதுவான ப்ளூஸில் மூன்று தட்டுகளும் தெளிவாகக் கேட்கும். வேகம் கூடக் கூட அந்தத் திஸ்ரம் தளர்ந்து, நேர்நடைக்கு நெருங்கும். நியூ ஆர்லியன்ஸில் புரொஃபசர் லாங்ஹேர் என்று அறியப்பட்ட பியானோ கலைஞர் ஹென்றி ரோலண்ட் பேர்ட் (1918–1980) ப்ளூஸுக்குள் ரும்பா தாளத்தைக் கொண்டுவந்து வாசித்ததைத் திஸ்ரக் கணக்கோடு அணுகினால் ஒன்றும் கிடைக்காது. வாயால் சொல்லிப் பார்த்து, காலால் தட்டிப் பார்த்து, உங்கள் குழுவின் டிரம்ஸ் கலைஞர் அன்றைக்கு எங்கே வைக்கிறாரோ அங்கே நீங்களும் வைக்க வேண்டும்.

பேஸ் கிட்டார் இருக்கும்போது இடக்கையிலும் பேஸ் வாசிப்பது

இதைத்தான் அந்த இளைஞர் செய்தார், இதைத்தான் நானும் செய்தேன். இத்தனை ஆண்டுகள் கழித்தும் யாராவது இதைச் செய்வதைக் கேட்டால் எனக்கு எரிச்சல் வருகிறது. அந்த எரிச்சலில் பெரும்பங்கு கற்பவர் மீதானதன்று. கற்பிக்கும் முறையின் மீதானது.

ப்ளூஸ் பியானோ கற்கத் தொடங்கும் எவருக்கும் முதல் ஆறு மாதம் இடக்கைப் பயிற்சிதான். பூகி-வூகி என்ற நடையில், தாழ்ந்த சுரங்களைத் (பேஸ்) திரும்பத் திரும்ப ஓட்டும் இடக்கை வரிசை ஒன்றைக் கொடுத்து, அது தன்பாட்டுக்கு ஓடும்வரை, வலக்கை என்ன செய்தாலும் இடக்கை அசையாதிருக்கும்வரை சாதகம் செய்யச் சொல்கிறோம். வீட்டில் தனியாக, பெரும்பாலும் ஹெட்ஃபோனில் வாசிக்கும்போது அந்த இடக்கை தரும் நிறைவுக்கு ஈடு கிடையாது. ஓர் ஆளே ஒரு குழுவாகிவிட்டது போலிருக்கும். பிறகு ஒருநாள் உண்மையான குழுவில் போய் உட்கார்கிறோம். அங்கே அந்த வேலைக்கென்றே ஒருவர் பேஸ் கிட்டாரோடு நிற்கிறார். ஆறு மாதம் ஊறிய இடக்கைக்கு அது தெரியாது.

இரண்டும் மோதும் இடத்தைக் கணக்காகவே காட்டலாம். பேஸ் கிட்டாரின் மிகத் தடித்த தந்தி திறந்த நிலையில் ஏறத்தாழ 41 ஹெர்ட்ஸ். மிக மெல்லிய தந்தியான ஜி, 98 ஹெர்ட்ஸ். பியானோவில் நடு சி-க்குக் கீழே இரண்டாவதாக வரும் ஜி-யும் அதே 98 ஹெர்ட்ஸ்தான். ஜி ஸ்கேலில் பூகி-வூகி வாசிப்பவரின் இடக்கை அந்தக் கட்டையிலோ, அதற்கும் ஒரு ஸ்தாயி கீழேயோதான் தொடங்குகிறது. ஆக, பேஸ் கலைஞர் நடமாடும் அதே பத்துப் பன்னிரண்டு சுரங்களுக்குள், அவர் வாசிப்பதற்கு ஓர் இமைப்பொழுது முன்னாலோ பின்னாலோ, ஏறத்தாழ அதே வரிசையை நாமும் வாசிக்கிறோம். தாழ்ந்த சுரங்கள் இரண்டு இப்படி ஒட்டியும் ஒட்டாமலும் ஒலித்தால் இரண்டுமே தெளிவாகக் கேட்காது. வருவது வெறும் இரைச்சல். மேடையில் பியானோ என்பது பெரும்பாலும் ஒலிபெருக்கியில் இணைத்த கீபோர்டாக இருப்பதால் அந்த இரைச்சல் இன்னும் பெருகும். டிரம்ஸ் வாசிப்பவருக்குப் பேஸ் கேட்காது. பாடகருக்குச் சுருதி கலங்கும்.

எனக்கு இதைச் சொல்லிப் புரியவைத்தவர் வயதில் மூத்த ஒரு பேஸ் கலைஞர். நான் அந்தக் குழுவோடு வாசித்த மூன்றாவது மாலை அது. இரண்டாவது சுற்று தொடங்கியபோது அவர் தந்திகளிலிருந்து இரண்டு கைகளையும் எடுத்து, கிட்டாரின் மேல்விளிம்பில் மடித்து வைத்துக்கொண்டு, என் இடக்கையையே பார்த்தபடி நின்றார். முழுதாக 12 பார். நான் அதைக் கவனிக்கவே இல்லை என்பதுதான் பெரிய குற்றம்; டிரம்ஸ் வாசித்தவர் பார்வையால் உணர்த்திய பிறகுதான் தலைநிமிர்ந்தேன். இடைவேளையில் அவர் என்னை அழைத்து, தம்முடைய வேலையை நான் செய்வதாகவும், என்னுடைய வேலையைச் செய்ய அந்த மேடையில் யாருமே இல்லாமல் போய்விட்டதாகவும் சொன்னார். குரலை உயர்த்தவில்லை. அந்தக் குழு அப்போது வியாழக்கிழமைதோறும் வாசிக்க நிரந்தரமாக ஒரு பியானோ கலைஞரைத் தேடிக்கொண்டிருந்தது. என்னை மறுபடி அழைக்கவில்லை. என்னைவிடப் பாதியளவே சுரம் வாசிக்கும் ஒருவரை எடுத்தார்கள்.

அவர் வாசிப்பதைக் கேட்க நான் போனேன். முதல் சுற்று முழுவதும் அவருடைய இடக்கை தொடைமேல் கிடந்தது. வலக்கை மட்டும் நடு சி-க்கு மேலே இரண்டாவது ஸ்தாயியில், பாடகர் மூச்சு வாங்கும் இடங்களில் மூன்று நான்கு சுரம் சொல்லிவிட்டு விலகியது. இரண்டாவது சுற்றில் இடக்கை எழுந்து, நடு சி-க்குச் சற்றுக் கீழே, இரண்டே இரண்டு கட்டைகளை அழுத்தியது. கார்டு மாறியபோது அந்த இரண்டு விரல்களும் அரைச்சுரம் கீழே நகர்ந்தன. திரும்பியபோது அரைச்சுரம் மேலே ஏறின. அவ்வளவுதான் அவருடைய இடக்கை. குழு முழுவதும் எழுந்து நடப்பது போலிருந்தது.

பியானோவின் இடக்கை ஏன் அத்தனை கனத்தோடு பிறந்தது என்பதையும் சொல்ல வேண்டும், இல்லையென்றால் நான் அதைப் பழிப்பதாகத் தோன்றும். டெக்சாஸ், லூசியானா, மிசிசிப்பி காடுகளில் மரம் வெட்டும் முகாம்களிலும் டர்பென்டைன் எடுக்கும் முகாம்களிலும் பீப்பாய் மதுவோடு நடந்த குடில்களுக்குப் ‘பேரல்ஹவுஸ்’ என்று பெயர். அங்கே சுருதி கலைந்த ஒரு பியானோ இருக்கும், ஊர் ஊராகப் பயணம் செய்யும் ஒருவர் வந்து வாசிப்பார். டிரம்ஸ் கிடையாது, பேஸ் கிடையாது, ஒலிபெருக்கி கிடையாது. நாளெல்லாம் கோடரி பிடித்த கறுப்பினத் தொழிலாளர்கள் இரவில் ஆட வேண்டும். அவர்களுடைய கால்களுக்குத் தாளம் தர வேண்டியது அந்த ஓர் இடக்கைதான். பியானோ கலைஞர் லிட்டில் பிரதர் மான்ட்காமரி 1906-இல் லூசியானாவின் கென்ட்வுட் என்ற மரத்தொழில் ஊரில் இத்தகைய சூழலில்தான் பிறந்தார். 1928 டிசம்பர் இறுதியில் சிகாகோவில் பைன்டாப் ஸ்மித் பதிவுசெய்த பூகி-வூகி இசைத்தட்டில், அவர் வாசித்துக்கொண்டே ஆடுபவர்களுக்குக் கட்டளை சொல்வதைக் கேட்கலாம். ஆட்டக்காரரையும் தாளத்தையும் ஒரே ஆள் நடத்தும் இசை அது. 1938 டிசம்பர் 23 அன்று நியூயார்க்கின் கார்னகி ஹால் மேடையில் மீட் லக்ஸ் லூயிஸ், ஆல்பர்ட் அமன்ஸ், பீட் ஜான்சன் மூவரும் வாசித்தபின் பூகி-வூகி நாடெங்கும் மோகமாகப் பரவியது. இன்றும் கற்பவர்கள் முதலில் தேடிக் கேட்பது அந்தத் தனி வாசிப்புகளைத்தான். ப்ளூஸ் பியானோ என்றாலே அது மட்டும்தான் என்று எண்ணிவிடுகிறார்கள்.

1950-களில் சிகாகோவில் பாடகர் மடி வாட்டர்ஸின் குழுவில் நிலைமை வேறு. மின்கிட்டார்கள் இரண்டு, ஒலிவாங்கியில் முழங்கும் ஹார்மோனிகா, டிரம்ஸ், பாடகர். இசைப்பதிவுகளில் வில்லி டிக்சனின் பேஸ். அந்த நெரிசலுக்குள் பியானோவில் உட்கார்ந்தவர் ஓட்டிஸ் ஸ்பேன். மூத்த பியானோ கலைஞர் பிக் மேசியோவின் கனத்த இடக்கையை முன்மாதிரியாகக் கொண்டு வளர்ந்தவர் அவர். 1960-இல் நியூயார்க்கில் ராபர்ட் லாக்வுட் ஜூனியரின் கிட்டார் மட்டும் துணையிருக்க அவர் செய்த பதிவுகளைக் கேளுங்கள்: இடக்கை முழு உடம்போடு வாசிக்கிறது. பிறகு அதே மனிதர் மடி வாட்டர்ஸுக்குப் பின்னால் வாசித்ததைக் கேளுங்கள்: இடக்கை மெலிந்து பின்வாங்க, வலக்கை மேல் ஸ்தாயியில், கிட்டாரும் ஹார்மோனிகாவும் எட்டாத இடத்தில், மும்மூன்றாக உருண்டுகொண்டிருக்கிறது. இந்த இரண்டையும் ஒரே மாலையில் அடுத்தடுத்துக் கேட்பது என் மாணவர்களுக்கு இனி கட்டாயம்.

திருத்திக்கொள்ள நான் கையாண்ட வழி எளியது, ஆனால் சலிப்பானது. பேஸும் டிரம்ஸும் ஒலிக்கும் ஒரு பின்னணிப் பதிவை ஓடவிட்டு, இடக்கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டு, வலக்கையால் மட்டும் பத்துச் சுற்று வாசித்தேன். முதல் சில நாள்கள் ஒரு பக்கம் சாய்வது போலவே இருந்தது. இரண்டு வாரம் கழித்து இடக்கையை வெளியே எடுத்து, அதற்கு இரண்டு சுரங்கள் மட்டும் கொடுத்தேன். சி-7க்கு இ, பி-ஃபிளாட்; எஃப்-7க்கு அவை இரண்டும் அரைச்சுரம் இறங்கி இ-ஃபிளாட், ஏ; ஜி-7க்கு முதலில் இருந்த இடத்திலிருந்து அரைச்சுரம் ஏறி எஃப், பி. 12 பார் ப்ளூஸ் முழுவதையும் இந்த மூன்று நிலைகளில் வாசித்துவிடலாம். மூல சுரத்தைப் பேஸ் கலைஞர் வாசிப்பார். அவர் வாசிப்பார் என்று நம்புவதுதான் கைக்கு வரக் கடினமான பகுதி.

இடக்கையை மறந்துவிட வேண்டாம். ஒரு பனிக்கால மாலையில் பேஸ் கலைஞர் வழியில் சிக்கிக்கொண்டு வரத் தாமதமானது. குழுத்தலைவர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். இரண்டரைப் பாட்டுக்கு என் பழைய இடக்கை தேவைப்பட்டது. மூன்றாவது பாட்டின் நடுவில் பேஸ் கலைஞர் வந்து வயரைச் செருகியதும், அடுத்த சுற்றின் முதல் பாரில் நான் கையைத் தூக்கிக்கொண்டேன்.

பாடகரின் வரிக்குள் நுழைவது

12 பார் ப்ளூஸில் மூன்று வரிகள். ஒவ்வொன்றுக்கும் நான்கு பார். முதல் வரியைப் பாடகர் மறுபடி பாடுவார், மூன்றாவது வரி அதற்கு மறுமொழியாக வரும். ஒவ்வொரு நான்கு பாரிலும் பாட்டு ஏறத்தாழ முதல் இரண்டு பாரிலேயே முடிந்துவிடும். மிச்சம் கருவிகளுக்கு. அந்த மிச்சத்திலும் கிட்டாருக்கு ஒரு பங்கு, ஹார்மோனிகாவுக்கு ஒரு பங்கு உண்டு. மூன்று பேரும் ஒரே இடைவெளியில் பாய்ந்தால் அது சந்தைக்கடை.

1928-இல் லீராய் காரும் ஸ்கிராப்பர் பிளாக்வெல்லும் இண்டியானாபொலிஸில் செய்த பதிவில் இதற்கு நல்ல பாடம் இருக்கிறது. பாடுபவரும் பியானோ வாசிப்பவரும் காரே. நினைத்திருந்தால் ஒவ்வோர் இடைவெளியையும் தாமே நிரப்பியிருக்கலாம். அவரோ பியானோவை அலங்காரமின்றி, சீராக, குரலுக்குக் கீழே விரித்த பாய்போல வாசித்துவிட்டு, பதில் சொல்லும் இடத்தைப் ஒவ்வொரு சுரமாக மீட்டும் பிளாக்வெல்லின் கிட்டாருக்கு விட்டுக்கொடுக்கிறார். அந்த இசைத்தட்டு பெரும் வெற்றி பெற்று, எத்தனையோ பாடகர்கள் அந்த நிதானத்தைப் பின்பற்றினார்கள். காருக்கு அப்போது வயது 23 அல்லது 24. மேடையேறிய முதல் ஆண்டிலேயே எல்லா இடைவெளியையும் நிரப்பிவிடத் துடிப்பவர்களுக்கு இந்த வயதை நான் நினைவூட்டுவது உண்டு.

யார் எந்த இடைவெளியை எடுப்பது என்பதைப் பாட்டுக்கு முன்பே பேசிக்கொள்ளுங்கள். பேச வாய்ப்பில்லையென்றால் முதல் சுற்று முழுவதும் கேட்டுக்கொண்டிருங்கள். கிட்டார் முதல் வரிக்குப் பின் பேசினால், நீங்கள் இரண்டாவது வரிக்குப் பின் பேசலாம்.

பெடல்

ஷஃபிளில், சுரத்தை நீட்டும் பெடலிலிருந்து காலை எடுத்துவிடுங்கள். மெதுவான ப்ளூஸில் கார்டு மாறும் ஒவ்வொரு முறையும் தூக்குங்கள்.

டர்ன்அரவுண்டை மறப்பது

டர்ன்அரவுண்ட் எனப்படும், ஒரு சுற்றின் கடைசி இரண்டு பாரில் எல்லோரும் வீட்டுக்குத் திரும்பி, அடுத்த சுற்றுக்குக் கதவைத் திறக்கிறார்கள். நீங்கள் தனி வாசிப்பின் உற்சாகத்தில் அதைத் தாண்டி ஓடினால் பாடகருக்கு எங்கே நுழைவதென்று தெரியாது. ஒரே ஒரு டர்ன்அரவுண்டைச் சி, எஃப், ஜி, இ, ஏ ஆகிய ஐந்து ஸ்கேல்களிலும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வாசிக்குமளவுக்குக் கற்றுக்கொள்வது, பத்து டர்ன்அரவுண்டுகளைச் சி ஸ்கேலில் மட்டும் வைத்திருப்பதைவிட மேடைக்கு உதவும்.

முடிப்பதைத் தனியாக முடிவெடுப்பது

சிகாகோவின் வைட் சாக்ஸ் என்ற பேஸ்பால் அணியின் மைதானத்தில் புல்தரைப் பராமரிப்பாளராகப் பல ஆண்டுகள் வேலைபார்த்த ஜிம்மி யான்சி, மாலையில் வீட்டு விருந்துகளில் பியானோ வாசித்தவர். எந்த ஸ்கேலில் வாசித்தாலும் கடைசியில் இ-ஃபிளாட்டுக்குத் தாவி முடிப்பது அவர் வழக்கம். தனியாக வாசித்த அவருக்கு அது கையெழுத்துப் போல அமைந்தது. குழுவில் அமர்ந்திருப்பவர் பத்தாவது பார் வரும்போது கட்டைகளிலிருந்து கண்ணை எடுத்துப் பாடகரைப் பார்க்க வேண்டும். முடிக்கப்போகிறவர் தோளைத் திருப்புவார், அல்லது கிட்டாரின் கழுத்தைச் சற்று உயர்த்துவார். அந்த இளைஞர் அன்றைக்கு அதைப் பார்க்கவில்லை. எல்லோரும் நிறுத்திய பிறகும் அவருடைய இடக்கை இன்னும் ஒரு பார் ஓடிக்கொண்டிருந்தது.